சுகப்பிரசவம்: கடிகாரத்தோடு ஒரு போராட்டம்

தெலங்கானாவில் கத்தி படாமல் பிள்ளை பெற விரும்பும் பெண் முதலில் கடிகாரத்தோடு மோத வேண்டியிருக்கிறது. நல்ல நேரத்தில் பிறக்கட்டும் என்று சில குடும்பங்கள் முகூர்த்தம் குறிக்கின்றன. எத்தனை மணி நேரம் காத்திருப்பது என்று மருத்துவமனைகள் கணக்குப் பார்க்கின்றன. விளைவு: 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி அங்கே 100 பிரசவங்களில் ஏறக்குறைய 61 சிசேரியன். தனியார் மருத்துவமனைகளில் 80-க்கும் மேல். நாட்டின் சராசரியோ 21.5.

சிசேரியன் உயிர் காக்கும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் அது 10 சதவீதத்தைத் தாண்டிய பிறகு தாய், சேய் மரணங்கள் மேலும் குறைவதாகத் தெரியவில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2015-ல் சொன்னது.

மாநில அரசு 2017-ல் மாற்று வழி தேடியது. செவிலியர்களுக்கு 18 மாத மருத்துவச்சிப் பயிற்சி தொடங்கியது. வலி எடுத்தவளை நடக்க விடுவது, வசதிப்படி உட்கார விடுவது, அவசியமின்றிக் கீறாமலும் ஊசியால் வலியை முடுக்காமலும் கூடவே இருப்பது, சிக்கல் தெரிந்தால் உடனே டாக்டரை அழைப்பது ஆகியவை பாடம். 2018-ல் மத்திய அரசும் நாடு முழுவதற்கும் நெறிமுறைகளை வெளியிட்டது.

வலி தீவிரமான பிறகும் முதல் பிரசவத்துக்கு 12 மணி நேரம் வரை ஆகலாம். அதுவரை பக்கத்தில் ஒருத்தி இருப்பாள் என்ற உறுதியைத்தான் பல பெண்கள் கேட்கிறார்கள்.