பனியை வென்ற மரம் வெயிலில் வாடியது!

மரத்துக்குக் குளிருமா?

குளிரும். குளிர் தாங்காமல் செத்துப்போன மரங்களும் உண்டு. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்து மக்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மார்கழி விடியற்காலையில் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் நமக்குக் குளிர் தீர்ந்தது. அந்த மாதத்திலும் வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் மரம் வாங்குகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "இது எத்தனை குளிர் தாங்கும்?" என்பதுதான்.

அங்கே 'பீச்' என்று ஒரு மரம் இருக்கிறது. அதில் ஒரு வகைக்குக் கிளைகள் மேலே போகாது. தரையை நோக்கித் தொங்கும். பெண் ஒருத்தி தலைவிரி கோலமாக நிற்பதுபோல இருக்கும். அதனால் அதை 'அழுகிற பீச்' என்று அழைக்கிறார்கள். அழகுக்காகவே பூங்காக்களில் வளர்க்கிறார்கள்.

1847-ம் ஆண்டில் சாமுவேல் பார்சன்ஸ் என்ற நாற்றங்கால்காரர் பெல்ஜியம் நாட்டில் இருந்து இந்த மரத்தின் கன்று ஒன்றை நியூயார்க்குக்குக் கொண்டுபோய் நட்டார். கன்று பெரிய மரமாகி, கூடாரம்போலப் படர்ந்தது. அமெரிக்காவில் உள்ள அழுகிற பீச் மரங்கள் பலவற்றுக்கு அதுதான் தாய் மரம். 1966-ல் நியூயார்க் நகரம் அதைப் பாதுகாக்க வேண்டிய சின்னம் என்று அறிவித்தது. கோட்டைக்கும் மாளிகைக்கும் கிடைக்கும் மரியாதை ஒரு மரத்துக்குக் கிடைத்தது! 150 குளிர்காலங்களைப் பார்த்துவிட்டு, 1998-ல்தான் அது பட்டுப்போனது.

எப்படித் தாங்குகிறது?

தண்ணீர் உறைந்தால் பெருக்கும். கண்ணாடிப் புட்டி நிறையத் தண்ணீரை அடைத்து உறைய வைத்தால் புட்டி வெடித்துவிடும். மரத்தின் உடம்பிலும் தண்ணீர்தானே இருக்கிறது? அது ஏன் வெடிப்பதில்லை?

மரம் முன்கூட்டியே தயாராகிவிடுகிறது. பகல் பொழுது குறையத் தொடங்கியதும் அதற்குச் சேதி தெரிந்துவிடும். இலைகளை எல்லாம் உதிர்க்கும். அடுத்த ஆண்டுக்கான தளிர்களைச் சின்னஞ்சிறு மொட்டுகளுக்குள் வைத்து, செதில்களால் மூடிவிடும். உடம்பில் இருக்கும் நுண்ணிய அறைகளில் இருந்து தண்ணீர் கொஞ்சம் வெளியேறும். அறைக்குள் சர்க்கரை கூடும். பாகுபோல ஆன நீர் சுலபத்தில் உறையாது. அறைகளுக்கு வெளியே உள்ள தண்ணீர் உறைந்தாலும் உள்ளே உயிர் பிழைத்துக்கொள்ளும். பூஜ்யத்துக்குக் கீழே 25 டிகிரிக் குளிரையும் பீச் மரம் இப்படித்தான் கடக்கிறது.

ஆனால் தளிர் வந்த பிறகு திடீரென்று ஒரு நாள் பனி விழுந்தால் போச்சு! இலையெல்லாம் கருகிவிடும். காவல் கலைந்த பிறகு திருடன் வந்த கதைதான்.

அதைவிடப் பெரிய ஆச்சரியம் ஒன்று உண்டு. இத்தனை குளிரைத் தாங்கும் பீச்சுக்கு வறட்சி ஆகாது. 2018-ம் ஆண்டில் ஐரோப்பாவின் நடுப்பகுதியில் கடும் கோடை வந்தது. மழை பொய்த்தது. பல இடங்களில் பீச் மரங்கள் கோடையிலேயே இலையைக் கொட்டின. அடுத்தடுத்த ஆண்டுகளில் பல பட்டுப்போயின. பனிக்கு அஞ்சாத மரம் வெயிலுக்குத் தோற்றது.

நம் ஊர்ச் சேதி

நம் கரிசல் சீமையில் வெயில்தான் எதிரி. கோடையில் 40 டிகிரி வெயில் அடிக்கும். ஆண்டுக்கு ஏறக்குறைய 800 மில்லிமீட்டர் மழை என்று கணக்குச் சொல்லும். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையிலேயே கொட்டித் தீர்ந்துவிடும். குண்டாற்றில் மணல்தான் மிஞ்சும். கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். வெடிப்பு விழும்போது கன்றின் சிறு வேர்கள் அறுந்துபோகும். கன்று சாவதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது பலருக்குத் தெரியாது.

வெறும் தாங்கும் சக்திக்குப் பரிசு என்றால் அதைச் சீமைக் கருவேலுக்குத்தான் கொடுக்க வேண்டும். 1877-ல் இந்தியாவுக்கு வந்த மரம் அது. இன்று கண்மாயும் தரிசும் அதன் ராஜ்யம். கரிமூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதுதான் சோறு. ஆனாலும் மற்றச் செடிகளை வளர விடாத மரம் என்பதால், 2017-ல் அதை அகற்றும்படி மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவிட்டது. தாங்குகிறது என்பதற்காக வீட்டு வாசலில் வைக்க முடியுமா?

அழகுக்கு நெட்டிலிங்கம் வைக்கிறார்கள். அதுவும் கிளையைத் தொங்கவிடும் மரம்தான். தோரணத்துக்கு இலை தரும். தண்ணீர் இருக்கும் வீட்டுக்கு அது சரி. குடிநீருக்கே குடத்தோடு அலையும் தெருவில் அதை வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பது பாவம்.

என்னைக் கேட்டால் சரக்கொன்றையைச் சொல்வேன். பீச் மரம் பனிக்காலத்தில் செய்ததை இது வெயில் காலத்தில் செய்கிறது. மாசி, பங்குனியில் இலையைக் கொட்டிவிடும். இலை இல்லையென்றால் தண்ணீர் ஆவியாகும் வழி அடைபட்டது. பிறகு சித்திரை, வைகாசியில், மனிதர் வெளியே தலைகாட்ட அஞ்சும் நாளில், மரம் முழுக்கப் பொன் சரமாகப் பூத்துத் தொங்கும்! சிவபெருமானுக்கு உகந்த பூ. திருச்சுழி திருமேனிநாதர் இருக்கும் சீமைக்கு இதைவிடப் பொருத்தமான மரம் ஏது?

நிழல்தான் வேண்டும் என்பவர்களுக்கு வேம்பு இருக்கிறது. காட்டு ஓரத்துக்குக் குடை விரித்ததுபோல நிற்கும் உடைமரம் இருக்கிறது. முள் உண்டு, ஆனால் அதன் நெற்றை ஆடு விரும்பித் தின்னும்.

முதல் இரண்டு கோடை

எந்த மரமானாலும் முதல் இரண்டு கோடைதான் கண்டம். அதனால் கன்றை மாசியில் நடாதீர்கள். புரட்டாசிக் கடைசியில், அல்லது ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். சித்திரை வருவதற்குள் வேர் ஆழம் போய்விடும். மூன்று அடிக் குழி எடுத்து, கண்மாய் வண்டலும் மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். தண்ணீர் தேங்கும் பள்ளம் வேண்டாம். ஆட்டுக்குப் பயந்து முள்வேலி கட்டாயம்.

தண்ணீர்ச் செலவைக் குறைக்க ஒரு வழி உண்டு. பழைய மண்கலயத்தின் அடியில் சிறு துளை போட்டு, துணித்திரி செருகி, கன்றின் பக்கத்தில் கழுத்தளவு புதைத்து வையுங்கள். பாத்திரம் கழுவிய தண்ணீரைச் சோப்பு இல்லாமல் வடித்து அதில் ஊற்றலாம். மேலே ஒரு ஓட்டை மூடிவிடுங்கள். நீர் சொட்டுச் சொட்டாக வேருக்கே போகும். வெயில் அதைக் குடிக்க முடியாது. கன்றைச் சுற்றிச் சருகு பரப்பினால் மண் வெடிப்பதும் குறையும்.

கொன்றைக் கன்று கிடைக்கவில்லையா? முருங்கைக்காய்போல நீண்டு, கறுத்துத் தொங்கும் அதன் காயை உடைத்தால் அறை அறையாக விதை இருக்கும். விதையின் தோல் கெட்டி. அப்படியே போட்டால் முளைக்க வெகு நாள் ஆகும். ஓரத்தைக் கல்லில் லேசாகத் தேய்த்து, ஓர் இரவு தண்ணீரில் ஊறப் போடுங்கள். மறுநாள் ஊதிப் பெருத்திருக்கும் விதைகளை மட்டும் பொறுக்கி நடுங்கள். பூ பார்க்க ஐந்தாறு வருஷமாவது ஆகும்.