குறைமாதப் பிள்ளைகள் – 6: பிள்ளை பெட்டிக்குள், பால் தாயிடம்

37 வாரம் நிறையுமுன் பிறப்பது குறைமாதப் பிள்ளை. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2020 இல் மட்டும் 1 கோடியே 34 இலட்சம் பிள்ளைகள் இப்படிப் பிறந்தன. ஏறக்குறையப் பத்துக்கு ஒன்று. 34 வாரத்துக்கு முன் பிறக்கும் பிள்ளைகளில் பெரும்பாலானவற்றுக்கு உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது என்ற மூன்றையும் இசைத்துச் செய்ய வராது. வாய் வழியாகவோ மூக்கு வழியாகவோ இரைப்பைக்கு இறக்கிய மெல்லிய குழாயில்தான் பால் போகும். பிள்ளை இன்கியூபேட்டருக்குள்ளும் தாய் வேறொரு விடுதியிலும் இருக்கும் அந்த வாரங்களில், உறிஞ்ச ஒரு வாய் இல்லாமலே பாலை வரவழைத்து, வற்றாமல் காக்க வேண்டியிருக்கிறது.

கல்முனையில் அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலை, வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு பெரிய அரச வைத்தியசாலைகள் உண்டு. மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரையான ஊர்களின் பிரசவங்களில் பெரும்பகுதி இவற்றை நம்பித்தான் இருக்கிறது. மேலதிக சிகிச்சைக்காகச் சில பிள்ளைகள் சுமார் 40 கிலோமீற்றர் வடக்கே மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாற்றப்படும். அப்போது பிள்ளை ஓர் ஊரில், சத்திரசிகிச்சைக் காயத்தோடு தாய் இன்னோர் ஊரில் என்றாகிவிடும். பால் நின்றுபோவதற்கு வேறு காரணமே தேவையில்லை.

குறைமாதப் பிள்ளையைப் பெற்ற தாயின் பால் நிறைமாதத் தாயின் பாலைப் போன்றதன்று. முதல் வாரங்களில் அதில் புரதமும் உப்புச் சத்தும் நோயெதிர்ப்புப் பொருட்களும் கூடுதலாக இருக்கும். குடற்சுவர் அழற்சியுற்று அழுகும் கடும் நோய் குறைமாதப் பிள்ளைகளைக் கொல்லும் நோய்களில் ஒன்று. தாய்ப்பால் குடிக்கும் பிள்ளைகளுக்கு அது வருவது பால்மாக் குடிப்பவற்றைவிடக் குறைவு. பேபி யூனிட்டில் வைத்தியர் ‘உம்மாட பால் இருக்கா?’ என்று முதலில் கேட்பது இதனால்தான். அங்கே அது உணவாக மட்டுமல்லாமல் மருந்தாகவும் கணக்கில் எடுக்கப்படுகிறது.

நச்சுக்கொடி வெளியேறியதும் தாயின் உடலில் புரோஜெஸ்தரோன் சட்டென்று இறங்கும். அதுவரை அடங்கியிருந்த புரொலக்டின் வேலையைத் தொடங்க, இரண்டாம் நாளுக்கும் நான்காம் நாளுக்கும் இடையில் மார்பு கனத்துப் பால் இறங்கும். இவ்வளவும் பிள்ளை குடித்தாலும் குடிக்காவிட்டாலும் நடப்பது. அதற்குப் பிறகு நடப்பது முழுவதும் வெளியேற்றத்தைப் பொறுத்தது. மார்பு வெறுமையானால் சுரப்புக் கூடும். நிறைந்தே கிடந்தால், ‘வேண்டாம்’ என்ற செய்தி சுரப்பிகளுக்குப் போய்ச் சுரப்பு தானாக அடங்கிவிடும். குறைமாதத் தாய்க்கு இன்னொரு சுமையும் உண்டு. மார்பின் வளர்ச்சி முழுமையாகுமுன்னே பிரசவம் முடிந்துவிட்டது. உயர் இரத்த அழுத்தம், நீரிழிவு, சத்திரசிகிச்சை, பிள்ளையின் நுரையீரலுக்காகப் பிரசவத்துக்கு முன் போடப்படும் ஸ்டீரொயிட் ஊசி ஆகியனவும் பால் இறங்குவதைத் தாமதப்படுத்தலாம். தாமதத்தைப் பார்த்து ‘இவளுக்குப் பாலில்லை’ என்று முடிவு கட்டுவது பெரிய அநியாயம்.

பிரசவமாகி முதல் மணித்தியாலத்திலேயே, முடியாவிட்டால் ஆறு மணித்தியாலத்துக்குள், பால் எடுக்கத் தொடங்க வேண்டும். முதல் இரண்டு மூன்று நாளைக்குப் பம்பைவிடக் கைதான் சிறந்தது. சீம்பால் தடித்தது, அளவிலும் சொற்பம்; பம்பின் குழாய்ச் சுவரிலேயே ஒட்டிக் காணாமற் போய்விடும். கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவி, மார்பை மெல்ல நீவிவிட்டு, காம்பின் அடியிலிருந்து மூன்று சென்டிமீற்றர் அளவு தள்ளிப் பெருவிரலை மேலும் மற்ற விரல்களைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு விரல்களைச் சேர்த்து அமத்தி விட வேண்டும். தோலின்மேல் விரல் வழுக்கக் கூடாது. காம்பை இழுக்கவும் கூடாது. ஓரிரு நிமிடத்துக்கு ஒன்றும் வராது. பிறகு மஞ்சளாக ஒரு துளி காம்பில் திரளும். அதை ஊசியில்லாத ஒரு மில்லிலீற்றர் சிரிஞ்சினால் அப்படியே உறிஞ்சி எடுப்பார்கள். அரை மில்லிலீற்றர் கிடைத்தாலும் பேபி யூனிட்டுக்குக் கொடுக்க வேண்டும்; பால் குடிக்கத் தொடங்காத பிள்ளைக்குக்கூட அதைக் கன்னத்தின் உட்புறத்தில் தடவிவிடுவார்கள்.

900 கிராம் பிள்ளைக்குத் தொடக்கத்தில் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் பால் போதும். இதைக் கண்ட வீட்டார் தாயிடம், ‘பிள்ளைக்குத் தேவையானது கிடைக்குதுதானே, படுத்து ஓய்வெடு’ என்பார்கள். அன்பினால் சொல்வதுதான்; ஆனால் பாலுக்கு இதைவிடக் கெடுதலான அறிவுரை இல்லை. பிள்ளை வளர்ந்து முழுப் பாலுக்கு வரும்போது ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 150 மில்லிலீற்றர் வேண்டும். ஒன்றரைக் கிலோவில் 225. மூன்று கிலோவில் 450. ஆனால் மார்பு எவ்வளவு சுரக்கும் என்பது பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே அமைந்துவிடுகிறது. பின்னர் பிள்ளைக்கு 400 மில்லிலீற்றர் தேவைப்படுகிறபோது, அதுவரை நாளுக்கு 100 எடுத்துவந்த மார்பை அந்த அளவுக்கு உயர்த்துவது மிகக் கடினம். எனவே இன்றைய பிள்ளைக்காக அல்லாமல் இரண்டு மாதத்துக்குப் பின்னுள்ள பிள்ளைக்காகப் பால் எடுக்க வேண்டும். 14 ஆம் நாளளவில் 24 மணித்தியாலத்துக்கு 500 மில்லிலீற்றரை எட்டுவது நல்ல இலக்கு. 350 க்குக் கீழே நின்றால் அப்போதே உதவி தேட வேண்டும். மிஞ்சுவது உறைபெட்டிக்குப் போகட்டும்.

இதற்கு 24 மணித்தியாலத்தில் 8 தடவை, முடிந்தால் 10 தடவை எடுக்க வேண்டும். இரவில் புரொலக்டின் கூடுதலாக இருப்பதால் நள்ளிரவுக்குப் பிந்திய ஒரு தடவையை விட்டுவிடக் கூடாது; ஒரே மூச்சில் ஐந்து மணித்தியாலத்துக்கு மேல் இடைவெளி விழவும் கூடாது. கல்முனைப் பகுதி ஊர்களில் மணிக்கூட்டைப் பார்க்காமலே நேரம் தெரிவது பாங்கினால். சுபஹ், லுஹர், அஸர், மஃரிப் ஆகிய நான்கு பாங்குகளோடும் ஒவ்வொரு தடவை. காலை எட்டரை, இரவு ஒன்பது, நள்ளிரவு, பின்னிரவு இரண்டரை என்று இன்னும் நான்கு. எட்டாகிவிடும். இஷாவையும் சேர்த்தால் ஒன்பது. ஒரு சீ.ஆர். கொப்பியில் நேரமும் அளவும் குறித்துவந்தால் நல்லது. கூட்டிப் பார்க்க வேண்டியது நாளின் மொத்தத்தையே. சுபஹுக்கு 80 வந்ததும் மஃரிபுக்கு 35 வருவதும் இயல்பு. மாலை அளவைப் பார்த்து மனம் உடைவது வீண்.

பால் இறங்கிய பிறகு மின்சாரப் பம்ப் பெரிய துணை. இரண்டு மார்பிலும் ஒரே நேரத்தில் எடுக்கும் வகை நேரத்தை அரைவாசியாக்கும். வாங்க வசதியில்லாதவர்கள் கையாலேயே முழுக்காலமும் எடுத்துச் சமாளித்ததுண்டு. ஒரு தடவைக்கு 15 முதல் 20 நிமிடம். கடைசித் துளி நின்றபிறகு இன்னும் இரண்டு நிமிடம். காம்பு குழாய்க்குள் உரசாமல் அசைய வேண்டும். வலித்தால் புனலின் அளவு பிழை, அல்லது இழுவிசை கூடிவிட்டது. பம்ப் ஓடும்போது சும்மா இருக்கவும் கூடாது. அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் ஜேன் மோர்ட்டன் குழுவினர் குறைமாதத் தாய்மாரை வைத்து நடத்தி 2009 இல் வெளியிட்ட ஆய்வு இதற்குச் சான்று. முதல் மூன்று நாளும் நாளுக்கு ஐந்து தடவைக்கு மேல் கையாலும் பால் எடுத்து, பிறகு பம்ப் ஓடும்போது மார்பை அழுத்தி நீவி வந்தவர்களுக்கு எட்டாவது வாரத்திலும் சுரப்பு மற்றவர்களைவிடக் கூடுதலாக இருந்தது. இதற்கு விலை எதுவும் இல்லை.

பிள்ளையின் தொடுகையும் அப்படித்தான். 1978 இல் கொலம்பியாவின் பொகோட்டா நகரில், இன்கியூபேட்டர் போதாத நிலையில், எட்கார் ரே சனப்ரியா தொடங்கிய கங்காருப் பராமரிப்பில் பிள்ளையைத் தாயின் வெற்று நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைப்பார்கள். பிள்ளையின் சூட்டையும் மூச்சையும் சீராக்கும் அதே நேரம் தாய்க்கு ஒக்சிடோசின் ஊறிப் பால் இறங்கும். நெஞ்சில் வைத்திருந்துவிட்டுப் பால் எடுத்தால் அளவு கூடுவதைத் தாய்மார் தாங்களே காண்பார்கள். கட்டுவதற்கு மெல்லிய பருத்தித் துணி ஒன்று போதும்; கைத்தறிக்குப் பேர்போன மருதமுனைப் பக்கத்தில் அதற்குப் பஞ்சமில்லை. இன்கியூபேட்டருக்கு அருகே ஒரு கதிரையும் மறைப்புத் திரையும் போட்டுக் கொடுப்பது பேபி யூனிட் செய்யக்கூடிய மிகப் பெரிய உதவி. திரை இல்லாத இடத்தில், கூச்சத்தினாலேயே பால் எடுப்பதைத் தள்ளிப்போடும் பெண்கள் உண்டு.

அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் கல்யாணம் முடித்த மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதே வழக்கம். பெற்றவளின் உம்மாவும் சாச்சிமாரும் கூப்பிடு தூரத்தில் இருப்பார்கள். பால் எடுக்கும் தாய்க்கு இதைவிடப் பெரிய பலம் வாய்க்காது: பம்பின் பாகங்களைக் கழுவிக் கொதிநீரில் அவிக்க ஒருவர், பின்னிரவில் எழுப்ப ஒருவர், மூத்த பிள்ளைகளைப் பார்க்க ஒருவர். அதே வீட்டில்தான் இடைஞ்சலும் வரும். பிள்ளையைப் பற்றி விசாரிக்க வருவோர் அஸருக்கு வந்து இஷாவுக்குப் போனால் இரண்டு தடவை பால் எடுப்பது தவறிவிடும். தாயைச் சபையில் உட்கார வைக்காமல், ‘அவ பால் எடுக்கிறா’ என்று உம்மா வெளிப்படையாகச் சொல்லிவிடுவதே நல்லது.

சாப்பாட்டுப் பக்கம் ஊருக்கு நம்பிக்கை அதிகம்: உள்ளி, வெந்தயம், சுறா வறை, முருங்கை இலை. முருங்கை இலைக்கு ஆய்வுச் சான்றும் உண்டு. பிலிப்பைன்சில் குறைமாதத் தாய்மாரிடையே நடந்து 2000 ஆம் ஆண்டில் வெளியான சிறிய ஆய்வில், அதை மாத்திரையாக உண்டவர்களுக்குப் பால் கூடியது. வெந்தயத்துக்கான சான்று பலவீனம். மருந்தாக அளவுக்கு மீறி உண்டால் சீனி இறங்கலாம் என்பதால் நீரிழிவுக்கு மருந்து எடுப்போர் கவனிக்க வேண்டும். இவை எல்லாம் நன்றாகச் சாப்பிட வைப்பதால் நல்லவையே. ஆனால் எட்டுத் தடவை எடுக்க வேண்டிய இடத்தில் நான்கு தடவை எடுப்பவளுக்கு எந்தப் பத்தியக் கறியும் பாலைக் கூட்டாது. தண்ணீரைக் குறைத்துக் கொடுக்கும் பழக்கத்தை விட்டுவிட வேண்டும். தாகத்துக்குத் தாராளமாகக் குடிக்கலாம். றமழான் வந்தாலும், பிள்ளைபேற்று உதிரம் நிற்கும்வரை நோன்பு இல்லை. அதன் பிறகும் பாலூட்டும் தாய்க்கு மார்க்கத்தில் சலுகை உண்டு. டொம்பெரிடோன் போன்ற மாத்திரை இதயத் துடிப்பைப் பாதிக்கக்கூடியது. வைத்தியர் எழுதாமல் பார்மசியில் கேட்டு வாங்கக் கூடாது.

கரையோரத்து வெக்கையில் பாலை வெளியே வைக்கக் கூடாது. சிறிய பிள்ளைக்கான பால் எடுத்தவுடனே குளிர்சாதனப் பெட்டிக்குள், கதவுப் பக்கமாக அல்லாமல் உட்பக்கத்தில், நேரமும் திகதியும் எழுதி வைக்கப்பட வேண்டும். 4 பாகையில் நான்கு நாள் வரை என்பது பொது அளவு. பல யூனிட்டுகள் 48 மணித்தியாலத்துக்கு மேல் ஏற்பதில்லை. உறையவைத்த பாலைக் குறைமாதப் பிள்ளைக்கு மூன்று மாதத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. உருகிய பாலை 24 மணித்தியாலத்துக்குள் பயன்படுத்த வேண்டும், மீண்டும் உறையவைக்கக் கூடாது. மட்டக்களப்புக்குக் கொண்டு போவதற்கு, மீன் வியாபாரிகள் ஐஸ் போடும் றெஜிபோம் பெட்டியிலேயே புதியதொன்றை வாங்கி, போத்தல்களைச் சுற்றி ஐஸ் அடுக்கி இறுக மூடினால் பயணம் முடியும்வரை குளிர் தாங்கும். மின்வெட்டு நேரத்திலும் அதே பெட்டி கைகொடுக்கும்.

மூன்றாம் நான்காம் வாரத்தில் பலருக்கும் அளவு இறங்கும். அனேகமாகத் தடவைகள் குறைந்திருக்கும், அல்லது பிள்ளைக்கு உடம்புக்கு ஆகாமல் போய்த் தாய் நிலைகுலைந்திருப்பாள். சில நாள் கூடுதலாக எடுத்தால் பெரும்பாலும் மீளும். ஐந்தாம் நாளாகியும் பால் இறங்கவே இல்லையென்றால் நச்சுக்கொடித் துண்டு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தைரொயிட் குறைபாடும் பிரசவத்தில் ஏற்பட்ட பெரும் இரத்தப்போக்கும்கூடக் காரணமாகலாம். மார்பில் சிவந்த கட்டியும் காய்ச்சலும் வந்தால் பால் எடுப்பதை நிறுத்தாமலே வைத்தியரிடம் போக வேண்டும். எல்லாம் செய்தும் பால் போதாத தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்கள் எடுத்துக் கொடுக்கும் 50 மில்லிலீற்றரும் பிள்ளையின் குடலுக்குக் காவல். மீதிக்கு எதைக் கொடுப்பது என்பதை வைத்தியர் தீர்மானிப்பார்.

பல நாடுகளில் அந்த மீதிக்குத் தாய்ப்பால் வங்கி உண்டு. ஆசியாவின் முதலாவது வங்கி 1989 இல் மும்பாய் சயன் வைத்தியசாலையில் தொடங்கியது. முஸ்லிம் ஊர்களில் இது பால்குடி உறவுப் பிரச்சினையாகிறது. ஷாபிஈ மத்ஹபின்படி இரண்டு வயதுக்குள் ஐந்து தடவை ஒரு பெண்ணின் பாலை அருந்திய பிள்ளை அவளுக்குப் பால்குடிப் பிள்ளை. அவளுடைய பிள்ளைகளைப் பின்னர் மணக்க முடியாது. பல பெண்களின் பாலைக் கலக்கும் வங்கியில் யார் யாருக்கு உறவு என்று தெரியாது. இதனால் 1985 இல் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அகடமி அத்தகைய வங்கிகளைத் தடுத்தது. 2004 இல் ஐரோப்பிய பத்வா சபை குறைமாதப் பிள்ளையின் தேவையை முன்வைத்து அனுமதித்தது. தெரிந்த ஒருத்தியின் பாலைக் கொடுப்பதானால் இரு குடும்பமும் அறிந்து உறவைக் குறித்து வைக்கலாம். ஆனால் வைத்தியரின் அனுமதியும் இரத்தப் பரிசோதனையும் இல்லாமல் சாச்சியின் பாலானாலும் கொடுக்கக் கூடாது. இத்தனை சிக்கலும் பெற்ற தாயின் பாலுக்குக் கிடையாது.

32 முதல் 34 வாரத்துக்கு இடையில் பிள்ளை மார்பில் வாய் வைத்துப் பழகத் தொடங்கலாம். முதலில் பால் எடுத்து முடித்த மார்பில் வைத்தால் புரையேறாமல் சப்பிப் பழகும். பிறகு ஒவ்வொரு தடவையாகக் குழாய்ப் பால் குறைந்து மார்புப் பால் கூடும். இந்தக் கட்டத்தில் பம்பைச் சட்டென்று நிறுத்திவிடுவது வழக்கமான தவறு. குறைமாதப் பிள்ளை சீக்கிரம் களைத்துத் தூங்கிவிடும். மார்பை முழுதாக வெறுமையாக்காது. குடித்த பின் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். வீட்டுக்கு வந்தபின் குடும்பநல உத்தியோகத்தர் நிறுக்கும் எடை வாரத்துக்கு வாரம் ஒழுங்காக ஏறினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை வீதம் பம்பைக் குறைக்கலாம். எடை நின்றால் குறைத்த தடவையை மறுபடி சேர்க்க வேண்டும். பிள்ளை மார்பிலேயே முழுப் பாலையும் குடிக்க, பிறந்திருக்க வேண்டிய திகதிக்குப் பிறகும் சில வாரங்கள் எடுக்கலாம்.