கேட்டது வேறு, புரிந்தது வேறு

ரேடியோக்கள் பழுதில்லாமல் இயங்கின. மனிதர்கள்தான் ஒருவரையொருவர் புரிந்துகொள்ளவில்லை. நூற்றுக்கணக்கான உயிர்களைப் பலிகொண்ட மூன்று விபத்துகள் கற்றுத்தந்த பாடம் இது.

1996 நவம்பர் 12, மாலை 6.40 மணி. தில்லி விமான நிலையக் கட்டுப்பாட்டு அறையின் ராடார் திரையில் இரண்டு புள்ளிகள் நெருங்கின, ஒன்றாயின, மறைந்தன. அந்தப் பகுதியில் பறந்துகொண்டிருந்த அமெரிக்க விமானப் படைச் சரக்கு விமானம் ஒன்றின் ஊழியர்கள், மேகத்துக்கு நடுவே பெரும் தீப்பிழம்பைக் கண்டதாகத் தகவல் அனுப்பினார்கள். ஹரியானாவில் சர்க்கி தாத்ரியை ஒட்டிய வயல்களில் இரு விமானங்களின் சிதைவுகள் விழுந்தன. மொத்தம் 349 பேர். ஒருவரும் பிழைக்கவில்லை. நடுவானில் விமானங்கள் மோதிய விபத்துகளில் உலகிலேயே மிக மோசமானது இதுதான்.

எஞ்சின் கோளாறு இல்லை. சதிவேலையும் இல்லை. தில்லியிலிருந்து கிளம்பிய சவூதியா போயிங் 747 விமானம் 312 பேருடன் 14,000 அடி உயரத்தில் பறக்க அனுமதி பெற்றிருந்தது. சிம்கென்டிலிருந்து 37 பேருடன் தில்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் இல்யூஷின்-76 விமானத்துக்கு 15,000 அடி. நடுவே 1,000 அடி இடைவெளி. ஒன்றின் தலைக்கு மேல் மற்றொன்று பத்திரமாகக் கடந்து போயிருக்க வேண்டும்.

எதிரே ஒரு விமானம் வருகிறது என்பதையும், அது எவ்வளவு தூரத்தில், எந்த உயரத்தில் இருக்கிறது என்பதையும் கட்டுப்பாட்டாளர் கஜகஸ்தான் விமானத்துக்குச் சொன்னார். ரேடியோ ஆபரேட்டர் தூரத்தை மறுபடி கேட்டார், பதிலும் பெற்றார், பார்த்துக்கொண்டிருப்பதாகச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையில் இருந்தவருக்குச் சந்தேகம் வர இடமில்லை. ஆனால் அந்த விமானம் அனுமதியின்றி 15,000 அடிக்கும் கீழே இறங்கிக்கொண்டிருந்தது.

விபத்தை விசாரித்தவர் தில்லி உயர் நீதிமன்ற நீதிபதி ஆர்.சி. லஹோதி (2004-ல் இந்தியாவின் தலைமை நீதிபதியானவர்). மேகத்துக்குள் இருந்த கொந்தளிப்பே விமானத்தைக் கீழே தள்ளியது என்ற கஜகஸ்தான் தரப்பு வாதம் எடுபடவில்லை. விமானிக்கு ஆங்கிலம் போதிய அளவு தெரியாததால் கட்டுப்பாட்டு அறையின் தகவலைத் தவறாகப் புரிந்துகொண்டார் என்றது விசாரணை அறிக்கை. எதிரே வரும் விமானத்தின் உயரமாகச் சொல்லப்பட்ட 14,000 என்ற எண்ணைத் தங்களுக்கு இடப்பட்ட உத்தரவாக அவர்கள் எடுத்துக்கொண்டிருக்கலாம் என்ற விளக்கம் பிறகு பரவலாகப் பேசப்பட்டது.

மொழி மட்டும் குற்றவாளி அல்ல. கட்டுப்பாட்டு அறையுடன் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், விமானத்தை ஓட்டியவர்கள் விமானிகள். ஆபரேட்டர் முன்னால் உயரம் காட்டும் கருவி கிடையாது. விமானிகளின் தோளுக்கு மேலாக எட்டித்தான் பார்க்க வேண்டும். தவறை உணர்ந்து மேலே ஏறச் சொல்லி அவர் குரல் எழுப்பியபோது காலம் கடந்துவிட்டது. தரையிலும் குறை இருந்தது. வருகிற விமானங்களுக்கும் போகிற விமானங்களுக்கும் ஒரே வான்பாதை. விமானத்தின் உயரத்தைக் காட்டாத பழைய ராடார். ஆக, வாய்ச்சொல் பிசகினால் அதைக் கண்டுபிடிக்க வேறு வழியே இருக்கவில்லை.

‘ஓகே’ கொடுத்த விலை

இதற்கு 19 ஆண்டுகளுக்கு முன், 1977 மார்ச் 27 அன்று, ஸ்பெயினுக்குச் சொந்தமான டெனெரிஃப் தீவில் மூடுபனிக்கு நடுவே ஓடுபாதையிலேயே இரண்டு 747 விமானங்கள் மோதின. இறந்தவர்கள் 583 பேர். டச்சு நாட்டின் கே.எல்.எம். விமானத்துக்குக் கிடைத்திருந்தது, கிளம்பிய பின் எந்த வழியில் போக வேண்டும் என்ற அனுமதி மட்டுமே. கிளம்பும் அனுமதி இன்னும் வரவில்லை. துணை விமானி ‘டேக்-ஆஃபில் இருக்கிறோம்’ என்ற பொருளில் ஏதோ சொன்னார். கிளம்பத் தயாராக நிற்கிறார்கள் என்று நினைத்தார் கட்டுப்பாட்டாளர். விமானமோ ஓடத் தொடங்கியிருந்தது.

அவர் ‘ஓகே’ என்றார். காத்திருங்கள் என்று தொடர்ந்தார். அதே விநாடியில், தாங்கள் இன்னும் ஓடுபாதையில்தான் இருக்கிறோம் என்று பான் அமெரிக்கன் விமானி அலறினார். இரண்டு குரல்களும் ஒரே அலைவரிசையில் மோதிக் கீச்சொலியாயின. கே.எல்.எம். காக்பிட்டில் தெளிவாகக் கேட்டது அந்த ‘ஓகே’ மட்டும்தான். பான் அமெரிக்கன் விலகிவிட்டதா என்று அங்கிருந்த ஃப்ளைட் எஞ்சினியர் சந்தேகம் கிளப்பினார். அனுபவமும் அதிகாரமும் மிக்க கேப்டன் அழுத்தமாக ‘ஆமாம்’ என்றார். அதற்கு மேல் அவரை யாரும் கேட்கவில்லை.

1990 ஜனவரி 25 அன்று நியூயார்க் அருகே நடந்தது நேர்மாறானது. கொலம்பியாவின் ஏவியாங்கா விமானம் மோசமான வானிலையால் ஒரு மணி நேரத்துக்கு மேல் காத்திருக்க வைக்கப்பட்டது. எரிபொருள் தீர்ந்துகொண்டிருப்பதாகத் துணை விமானி சொன்னார், முன்னுரிமை கேட்டார். ஆனால் ‘எமர்ஜென்சி’ என்ற வார்த்தையை மட்டும் சொல்லவில்லை. கட்டுப்பாட்டாளர்களுக்கு அபாய மணியாக ஒலித்திருக்கக்கூடிய வார்த்தை அதுதான். எரிபொருள் தீர்ந்து விமானம் விழுந்ததில் 73 பேர் இறந்தனர்.

திரும்பிச் சொன்னால்தான் முடிவு

1948-ல் தகவல் தொடர்புக்குக் கணித அடித்தளம் அமைத்த அமெரிக்கர் கிளாட் ஷானன், செய்தியின் அர்த்தம் தன் வேலையில் சேராது என்று ஒதுக்கிவைத்தார். அனுப்பிய சமிக்ஞை சிதையாமல் மறுமுனை சேர்ந்ததா என்பதே எஞ்சினியரின் கவலை. அர்த்தம் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டியவர்கள் மனிதர்கள். விமானிகளின் பரிபாஷையில் ‘ரோஜர்’ என்பதற்குக்கூட ‘நீங்கள் சொன்னது வந்து சேர்ந்தது’ என்றுதான் பொருள். புரிந்தது என்றோ செய்கிறேன் என்றோ அல்ல.

ஒவ்வொரு விபத்தும் ஒரு விதியைக் கடுமையாக்கியது. முக்கிய உத்தரவுகளைக் கேட்டவர் அப்படியே திரும்பிச் சொல்ல வேண்டும். டெனெரிஃபுக்குப் பிறகு, கிளம்ப அனுமதி தரும்போதும் அதை ரத்துசெய்யும்போதும் தவிர ‘டேக்-ஆஃப்’ என்ற சொல்லே புழங்கக் கூடாது என்றானது. இளையவர் தயங்காமல் எச்சரிக்கவும் கேப்டன் காதுகொடுத்துக் கேட்கவும் பயிற்சி வந்தது. சர்க்கி தாத்ரிக்குப் பிறகு தில்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனி வான்பாதைகள் வந்தன. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியை விமானங்களில் இந்தியா கட்டாயமாக்கியது. சர்வதேச விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆறு நிலைகள் கொண்ட ஆங்கிலத் தகுதி அளவுகோலை சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2003-ல் கொண்டுவந்தது. குறைந்தது நான்காம் நிலை வேண்டும்.

இந்த வழக்கம் வானோடு நிற்கவில்லை. உலக சுகாதார அமைப்பு 2008-ல் வெளியிட்ட அறுவைசிகிச்சைப் பட்டியலின்படி, கத்தியை வைப்பதற்கு முன் நோயாளியின் பெயர், செய்யப்போகும் சிகிச்சை, உடலில் எந்த இடம் என்பதை டாக்டர், நர்ஸ் எல்லோரும் வாய்விட்டுச் சொல்லி உறுதிசெய்ய வேண்டும். தொலைபேசியில் டாக்டர் சொல்லும் ‘ஃபிஃப்டீன்’ நர்ஸின் காதில் ‘ஃபிஃப்டி’ என்று விழ ஒரு நொடி போதும். ‘சரி டாக்டர்’ என்ற பதில் அந்தத் தவறை மூடி மறைக்கும். ‘ஒன்று, ஐந்து, பதினைந்துதானே?’ என்ற கேள்வி அதைப் பிடித்துவிடும். சில விநாடிகள் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவுதான்.