இடைவெளிக்கும் ஒரு கணக்கு வேண்டும்

வேலை போன முதல் மாதம் ஓய்வைப்போலக் கழிந்துவிடும். மூன்றாம் மாதம் கவலை எட்டிப் பார்க்கும். ஓராண்டு கடந்தபின், விண்ணப்பத்தில் 'தற்போது பணியில் இல்லை' என்ற ஒற்றை வரி மற்றெல்லாத் தகுதிகளையும் மறைத்து நிற்கும். நெடுநாள் வேலையின்மை வருவாயை மட்டும் பறிப்பதில்லை; நாளின் ஒழுங்கையும் தன்னம்பிக்கையையும் சிறுகச் சிறுகக் கரைக்கிறது.

நேர்முகத் தேர்வில் எதிரே இருப்பவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்வி: "இத்தனை மாதங்களும் என்ன செய்தீர்கள்?" இடைவெளி இருப்பதைவிட, இந்தக் கேள்விக்கு விடை இல்லாதிருப்பதே ஒருவரைப் பின்தள்ளுகிறது.

இடைவெளியை மறைப்பது விடையாகாது. முந்தைய பணிக்காலத்தைச் சில மாதங்கள் நீட்டி எழுதுவோர் உண்டு. ஆனால் 2014 முதல் நடைமுறையில் உள்ள வருங்கால வைப்பு நிதியின் யூஏஎன் எண்ணில், பணியில் சேர்ந்த நாளும் விலகிய நாளும் பதிவாகின்றன. சரிபார்க்கும்போது பொய் வெளிப்பட்டால், கிடைத்த வேலையும் கைநழுவும். உள்ளதை உள்ளபடி எழுதி, அந்த மாதங்களில் செய்ததையும் சேர்த்து எழுதுவதே மேல்.

செய்வதற்கு வழிகள் பல. மத்திய அரசு 2017இல் தொடங்கிய 'ஸ்வயம்' இணையதளத்தில் கல்லூரிப் பாடங்களைக் கட்டணமின்றிக் கற்கலாம். தேர்வெழுதிச் சான்றிதழ் பெற மட்டுமே கட்டணம். ஐந்து பாடங்களைத் தொடங்குவதைவிட ஒன்றை முடிப்பது நன்று. ஊரகத்தில் வாழ்வோருக்கு, வங்கிகள் நடத்தும் ஊரக சுயவேலைவாய்ப்புப் பயிற்சி நிலையங்கள் நாட்டின் பெரும்பாலான மாவட்டங்களில் உள்ளன. 1982இல் கர்நாடகத்தின் உஜிரேயில் தொடங்கிய முயற்சியே இவற்றுக்கு முன்னோடி. உணவு, தங்குமிடத்துடன் பயிற்சி இலவசம்.

சிறு பணிகளையும் இகழ வேண்டியதில்லை. அண்டைக் கடைக்காரரின் ஜிஎஸ்டி கணக்கை எழுதித் தருதல், மாணவர்க்குப் பாடம் சொல்லித் தருதல் ஆகியன திறனைத் துருப்பிடிக்காமல் காக்கும். அதற்கான ஊதியத்தை வங்கிக் கணக்கின் வழியே பெற்றுக்கொள்ளுங்கள். தேதியோடு பதிவான அந்த வரவுகள், நீங்கள் உழைத்ததற்கு நாளை சான்றாக நிற்கும்.

ஓர் எச்சரிக்கையும் தேவை. 'உங்கள் கணக்குக்கு வரும் பணத்தை நாங்கள் சொல்லும் கணக்குக்கு அனுப்பினால் போதும், தரகு தருகிறோம்' என்று வேலை தேடுவோரை வலைவீசிப் பிடிப்போர் உள்ளனர். அது மோசடிப் பணம். கணக்கு முடக்கப்படுவதோடு காவல்துறை விசாரணையும் வாசலுக்கு வரும். மத்திய அரசின் தேசிய வேலைவாய்ப்புச் சேவை இணையதளத்தில் பதிவு செய்வதற்குக் கட்டணமே இல்லை. எனவே வேலைக்கு முன்பணம் கேட்பவரை நம்பாதீர்கள்.

கடன் உள்ளவர்கள் மற்றொன்றையும் காக்க வேண்டும். தவணை 90 நாள்களுக்கு மேல் நிலுவையில் நின்றால் கடன் வாராக்கடனாகும்; கடன் வரலாற்றில் அக்கறை படியும். பொதுத்துறை வங்கிகளில் பணியில் சேர்வோரிடம் நல்ல கடன் வரலாறு எதிர்பார்க்கப்படுகிறது. ஆகவே தவணை தவறும் முன்னரே கிளைக்கு வாருங்கள். இந்திய வங்கிகள் சங்கத்தின் மாதிரிக் கல்விக்கடன் திட்டத்தில், வேலையற்ற காலத்துக்குத் தவணையைத் தள்ளிவைக்க இடமுண்டு. கேட்டால்தான் வழி பிறக்கும். ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கு ஒருமுறை கடன் அறிக்கையை இலவசமாகத் தருகிறது. பெற்றுப் பிழையிருந்தால் திருத்திக்கொள்ளுங்கள்.

வாரக் கடைசியில் ஒரு குறிப்பேட்டை எடுத்து, கற்றது, செய்தது, விண்ணப்பித்தது என மூன்று தலைப்பில் எழுதி வாருங்கள். சில வாரங்களில் வரவு குறைவாகவே இருக்கும், அதையும் எழுதுங்கள். ஆறு மாதங்களில் அந்தப் பக்கங்களே, "என்ன செய்தீர்கள்?" என்ற கேள்விக்குத் தயங்காத விடையாகும்.