பட்டனை அமுக்கினால் போதுமா?

"தம்பி, ஆறே மாசக் கோர்ஸாம்டா. எக்ஸ்-ரே, ஸ்கேன் எல்லாம் கத்துத் தர்றாங்களாம். வேலை நிச்சயம்! நாளைக்குள்ள பணம் கட்டணும்" என்று அக்கா ஒரு நோட்டீஸை நீட்டினாள். ப்ளஸ் டூ முடித்த மகளுக்காக. அட்டையில், கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்கும் சிரித்த முகப் பெண்.

நான் பி.காம். 'நெகட்டிவ்' என்றால் பேலன்ஸ் ஷீட்தான் ஞாபகம் வரும். "நல்லதுக்கா" என்று சொல்லி, நோட்டீஸைப் பையில் திணித்துக்கொண்டு, என் முழங்கால் வலிக்கு எக்ஸ்-ரே எடுக்கப் போய்விட்டேன்.

படம் எடுத்த டெக்னாலஜிஸ்டிடம் பேச்சுவாக்கில் விசாரித்தேன்.

"ஆறு மாசமா? சமையல் கத்துக்கவே அது பத்தாதே ஸார்!" என்று சிரித்தார். "பட்டனை யார் வேணா அமுக்கலாம். சரியாப் படுக்க வைக்கத் தெரியணும். தப்பா எடுத்து, மறுபடி எடுத்தா, அந்தக் கதிர் முழுக்க பேஷன்ட் உடம்புக்குத்தானே?"

அவர் சட்டையில் ஒரு சின்ன பேட்ஜ். டி.எல்.டி. பேட்ஜாம். மூன்று மாதத்துக்கொரு முறை சோதனைக்குப் போய், அவர் வாங்கிய கதிர்வீச்சைச் சொல்லும். ஐந்து ஆண்டு சராசரியில் வருஷத்துக்கு 20 மில்லிசீவர்ட்டும், எந்த ஒரு வருஷத்திலும் 30-ம் தாண்டக்கூடாது என்பது அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் விதி.

"எங்க பாஸ்புக் ஸார் இது. வரவு குறைஞ்சாத்தான் லாபம்!"

ப்ளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்தவர்களுக்கு இரண்டு வருஷ டிப்ளமோவும், பயிற்சியோடு நான்கு வருஷ பி.எஸ்ஸி.யும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் அங்கீகாரம் உண்டா என்று பார்த்த பிறகே ஃபீஸைப் பற்றிப் பேச வேண்டும். முடித்தால் சி.டி., எம்.ஆர்.ஐ., மேமோகிராம், கேத் லேப் என்று பல கதவுகள். பிரிட்டன் போக ஆசையென்றால், அங்கே தனியாகப் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

நோட்டீஸை எடுத்துக் காட்டினேன். அட்டையைப் பார்த்தவர் முகம் மாறியது.

"கர்ப்பிணிக்கு ஸ்கேன் எடுக்க நம்ம நாட்டுல தகுதியுள்ள டாக்டருக்குத்தான் அனுமதி ஸார். கருவிலேயே ஆணா பெண்ணானு பார்க்கறதைத் தடுக்க 1994-ல வந்த சட்டம். இந்தப் பொண்ணு செய்யற வேலையை நானே செய்ய முடியாது!"

நொண்டிக்கொண்டே ஓடி வந்து அக்காவுக்குப் போன் போட்டேன்.

"பணம் கட்டாதேக்கா!"

"ஏன்டா, எக்ஸ்-ரேயில என்ன சொன்னாங்க? எலும்பு முறிவா?"

"என் காலுக்கு ஒண்ணுமில்லை. முறிவெல்லாம் உன் நோட்டீஸிலதான்!"