பூங்குழலிக்கு எங்க பாட்டி போட்ட மெட்டு

புழலில் வீடு என்றால் போதும், 'உள்ளேயா, வெளியேயா?' என்று ஆபீஸில் கேட்காத ஆள் கிடையாது. வெளியேதான் சார்! ஏரிக்கரைப் பக்கம்.

அந்த வீட்டு அலமாரியில் அம்மா கல்யாணச் சீராகக் கொண்டுவந்த பைண்டு புத்தகங்கள் இருக்கின்றன. 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வ'னைப் பாட்டி வாராவாரம் கிழித்துச் சேர்த்தது. அதில் கோடிக்கரைப் பூங்குழலி படகில் ஒரு பாட்டுப் பாடுவாள். கடலே அடங்கிக் கிடக்கும்போது நெஞ்சு மட்டும் ஏன் கொந்தளிக்கிறது என்று கேட்கிற பாட்டு. வார்த்தை கல்கியுடையது. மெட்டு? அச்சில் மெட்டு வராதே! பாட்டி தானே ஒன்று போட்டுக்கொண்டாள். பாதி தாலாட்டு, பாதி பஜனை. அதை அம்மா பிடித்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் சாம்பார் கொதித்ததெல்லாம் அந்த மெட்டில்தான்.

கதை சினிமாவாகும்போது முதலில் காலியாவது இதுதான். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற பெயரில் விகடனில் 'தில்லானா மோகனாம்பாள்' எழுதியபோது, சிக்கல் சண்முகசுந்தரத்தின் நாயனம் படிப்பவர் காதில் அவரவர் ஊர்க் கோயில் நாயனமாகத்தான் கேட்டிருக்கும். 1968-ல் ஏ.பி.நாகராஜன் படமெடுத்தார். மதுரை சேதுராமன் - பொன்னுசாமி சகோதரர்கள் வாசிக்க, சிவாஜி கன்னத்தை உப்பினார். அப்புறம் புத்தகத்தைத் திறந்தாலும் அந்த நாயனம்தான்! நஷ்டம் என்று சொல்ல வாய் வரவில்லை. அப்படி ஒரு வாசிப்பு.

சுஜாதாவின் 'கரையெல்லாம் செண்பகப்பூ'வில் ஹீரோவே நாட்டுப்பாடல் ஆராய வந்தவன். 1981-ல் படமானபோது இசை இளையராஜா. பண்ணைப்புரத்துக்காரருக்கு மண்வாசனை சொல்லித் தரணுமா என்ன! ஆனாலும் பக்கத்தில் படித்தபோது நானாக முணுமுணுத்தது போயே போச்சு.

2022 செப்டம்பர் 30-ம் தேதி 'பொன்னியின் செல்வன்' வந்தது. அந்த வாரமே அம்மாவை அழைத்துப் போனேன். பூங்குழலிக்கு 'அலைகடல்' என்று புதுப் பாட்டு. சிவா ஆனந்த் எழுதி, ரஹ்மான் இசையில் அந்தரா நந்தி பாடியது. அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

போன மாதம் பாட்டி மெட்டை செல்போனில் பதிவு பண்ணி வைக்கலாமே என்று தோன்றியது. ''பாடும்மா'' என்றேன். கல்கியின் வரியைத்தான் எடுத்தாள். பாதியில் ரஹ்மான் வந்துவிட்டார். நிறுத்தி, தொண்டையைச் செருமி, மறுபடி ஆரம்பித்தாள். மறுபடியும் ரஹ்மான்!

''நீதான் சின்ன வயசுல இருந்து கேட்டிருக்கியே... நீ எடுத்துக் கொடேன்டா.''

எனக்கு ஒரு வரி வந்தது. அதுவும் சரிதானா என்று தெரியவில்லை. பாட்டி போய் இருபது வருஷமாகிறது. பி.காம். படித்தவன் நான், வீட்டுக் கணக்கில் கைவிட்டுப் போனதை இப்போதுதான் கவனிக்கிறேன்.

அம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். ''திருவொற்றியூர் சித்திக்குப் போன் போடு, அவளுக்கு ஞாபகமிருக்கும்'' என்றாள்.

போட்டேன். சித்தி உடனே பாடிக் காட்டினாள். ''இதான்டா எங்கம்மா பாடினது'' என்று சத்தியம் வேறு செய்தாள்.

அம்மா போனைப் பிடுங்கினாள். ''ஏண்டி, இது நீ போட்ட மெட்டுடி!''