கரண்ட் வைத்த நாக்குக்கு என்ன சமைப்பது?

வாய், தொண்டை, கழுத்துப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சு கொடுப்பதை நம் ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். பொதுவாக வாரம் 5 நாள், மொத்தம் 6 அல்லது 7 வாரம். படுத்திருக்கும் சில நிமிடங்களில் வலி எதுவும் இருக்காது. முதல் வாரத்தில் பெரிய மாற்றமும் தெரியாது. இரண்டு, மூன்றாம் வாரத்தில் சாப்பாட்டு நேரத்தில் சண்டை ஆரம்பிக்கும். “குழம்புல உப்பே இல்லியே” என்பார் நோயாளி. உப்பு சரியாகத்தான் இருக்கும். மறுநாள் கொஞ்சம் கூட்டிப் போட்டால், “வாயில வைக்க முடியல” என்று தட்டைத் தள்ளுவார். சமைத்தவர் மனம் உடைந்துபோவார். இப்படி ஆகும் என்று இருவரிடமும் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வேதனையில் பாதி இருந்திருக்காது. இந்திய ஆண்களை மிக அதிகமாகத் தாக்கும் புற்றுநோய் வாய்ப்புற்றுநோய்தான் எனும்போது, எத்தனை வீடுகளில் இது நடக்கிறது என்று யோசித்துப் பாருங்கள்.

நாக்கின் ஒவ்வொரு சுவை மொட்டிலும் ஏறத்தாழ 50 முதல் 100 செல்கள் இருக்கின்றன. சுமார் 10 நாட்களில் பழையவை உதிர்ந்து புதியவை முளைக்கும். புதியவற்றை உண்டாக்கும் மூலச் செல்களைக் கதிர்வீச்சு முடக்கிவிடுகிறது. முழு சிகிச்சையில் 60 முதல் 70 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) வரை கொடுப்பார்கள்; அதில் 20 கிரே சேர்வதற்குள்ளேயே பலருக்குச் சுவை மங்கத் தொடங்கிவிடும். உமிழ்நீரும் வற்றும். உணவு கரைந்தால்தானே மொட்டுக்குள் இறங்கும்? அதனால்தான் உதிரியான சோறு மண்ணை மெல்வதுபோல இருக்கிறது. குரல்வளையில் தொடக்க நிலையிலேயே கண்டுபிடித்த சிறு கட்டிக்குக் கொடுக்கும்போது நாக்கு பெரும்பாலும் தப்பிவிடும். வாய்க்குள் கட்டி என்றால் அப்படியில்லை.

இங்கே நம் சமையலுக்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு. ருசி தெரியவில்லை என்றதும் நம் கை மிளகாய்ப்பொடி டப்பாவுக்குத்தான் போகும். ஆனால் காரம் நாக்கின் சுவை மொட்டுகள் அறிவது அல்ல; சூட்டையும் வலியையும் மூளைக்குச் சொல்லும் வேறொரு நரம்பின் வேலை அது. மொட்டுகள் ஓய்ந்த பிறகும் அந்த நரம்பு விழித்திருக்கும். போதாததற்கு வாயெல்லாம் புண். உப்பும் புளிப்பும் தெரியாத நாக்கில் ஒரு சிட்டிகை மிளகு நெருப்பாக எரியும். ரசமே ஆகாது என்று சொல்பவரைப் பிடிவாதக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள்.

துணைக்கு மூக்கு இருக்கிறது. பலருக்குக் கதிர் படும் இடத்தில் மூக்கின் மேல்பகுதி வராததால் வாசனை ஓரளவு தெரியும். நெய் விட்டுக் குழைத்த பாசிப்பருப்பு சாதம், சீரக வாசத்தோடு நீர்மோர், ஏலக்காய் தட்டிப் போட்ட சத்துமாவுக் கஞ்சி, மசித்த முட்டை இவையெல்லாம் இறங்கும். வெதுவெதுப்பாக, கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். சாப்பிடும் முன் உப்பும் சமையல் சோடாவும் சிறிது கலந்த நீரில் வாய் கொப்பளித்தால் கசப்பு குறையும். துத்தநாக மாத்திரை சுவையைக் காப்பாற்றும் என்ற நம்பிக்கை இருந்தது. 2007இல் வெளியான அமெரிக்க ஆய்வில் அதற்குப் பலன் தெரியவில்லை.

ருசி போனதை யாரும் சின்ன விஷயம் என்று ஒதுக்க வேண்டாம். சாப்பாடு குறைந்தால் எடை குறையும். எடை குறைந்தால் தலையை அசையாமல் பிடிக்க முகத்துக்கு அளவெடுத்துச் செய்த மாஸ்க் தளர்ந்துபோகும். பிறகு அளவெடுப்பதிலிருந்து திட்டமிடுவது வரை மறுபடி செய்ய வேண்டிவரலாம். நடுவில் நாட்களை விடுவது நோய்க்குத்தான் சாதகம். வாய் வழியே போதுமான அளவு இறங்காவிட்டால் மூக்கு வழியாகக் குழாய் போடச் சொல்வார்கள். ‘அவ்வளவுதான்’ என்று பயந்து மறுக்காதீர்கள். பெரும்பாலோருக்கு அது சில வார ஏற்பாடுதான்.

சிகிச்சை முடிந்ததும் மொட்டுகள் மெல்லத் துளிர்க்கும். பலருக்கு இரண்டு மாதத்திலிருந்து ஆறு மாதத்துக்குள் கணிசமாகச் சுவை திரும்பும். சிலருக்கு ஒரு வருடம் ஆகும். சிலருக்கு முழுதாகத் திரும்புவதில்லை. வாய் வறட்சி அதைவிட நீண்ட நாள் நிற்கலாம். அரைகுறையாகச் சுவை தெரியும் அந்த இடைக்காலத்தில் உப்பும் சர்க்கரையும் தன்னையறியாமல் கூடிவிடும். ரத்த அழுத்தமும் நீரிழிவும் உள்ளவர்கள் அளந்துதான் போட வேண்டும். சிகிச்சை பெற்றவரே வீட்டில் சமைப்பவர் என்றால், கொஞ்ச நாளைக்கு உப்பு பார்க்கும் வேலையைப் பிள்ளைகளோ கணவரோ ஏற்றுக்கொள்ளட்டும்.